இன்ஜின் இல்லாத மிதவை

என் கணவர் மணல் அள்ளும் மிதவையிலிருந்து ஆற்றில் விழுந்து மூழ்கிப்போனார். காலி இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, நடுவில் மணல் உறிஞ்சும் பம்பை வைத்தால் அதுதான் மிதவை. அதில் யாருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்ததே இல்லை. கொழுந்தன் இன்னும் அதே மிதவையில்தான் வேலை செய்கிறான். அவனையும் ஆற்றுக்குக் கொடுக்க முடியாது என்றுதான் வழக்குப் போட்டேன்.

நீர்க்கலத்தில் வேலை செய்பவர்களுக்கு ஜாக்கெட் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மிதவை நீர்க்கலமே அல்ல என்றார் கம்பெனி வக்கீல், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். என் கணவரோடு வேலை செய்த நெட்டையனைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"அதுக்கு இன்ஜின் இருக்கா?"

"இல்லைங்க."

"சுக்கான்?"

"அதுவும் இல்லைங்க."

"அப்போ அது தண்ணியில போட்ட மேடைதானேப்பா?"

"ஒரு இடத்துல மணல் தீர்ந்தா அங்கேயே நிக்க முடியுமாங்க? கழி ஊன்றி அடுத்த இடத்துக்குத் தள்ளிட்டுப் போவோம். இன்ஜின் நாங்கதாங்க. டீசலுக்குப் பதிலா டீ."

கோர்ட்டே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படித் தள்ளும்போதுதான் கழி வழுக்கி அவர் விழுந்தார்.

எங்கள் வக்கீலம்மா எழுந்து பொது விளக்கச் சட்டத்தைப் பிரித்தார். மற்ற சட்டங்களில் வரும் சொற்களை ஆளாளுக்கு வளைத்துவிடாதபடி, அவற்றுக்குப் பொதுவான பொருளை வரையறுத்துவைக்கும் சட்டம் அது. குறிப்பிட்ட சட்டம் வேறுவிதமாகச் சொல்லாத வரை அந்தப் பொருள்தான் செல்லும். கப்பல், படகு மட்டுமல்ல, நீரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செலுத்தப்படும் எதுவும் நீர்க்கலம்தான் என்று அதில் இருந்தது. நீதிபதி வாங்கிப் படித்தார். மிதவை நீர்க்கலமே என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் எல்லோரும் வாழ்த்தினார்கள். வயிறு எரிந்தது எனக்கு. என் கணவர் பிறப்பதற்கு முன்பே அச்சாகிக் கிடந்த வரி அது. கம்பெனி வக்கீலின் அலமாரியிலும் அந்தப் புத்தகம் இல்லாமலா இருக்கும்? ஒருவர் செத்த பிறகுதானா அதைப் பிரிக்க வேண்டும்?

மறுநாள் காலை கொழுந்தனோடு கரைக்குப் போனேன். ஜாக்கெட் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

"தீர்ப்பு சொன்ன உடனே முளைச்சிடுமாம்மா? மேலிடத்துக்குச் சொல்லியிருக்கோம்" என்றார் மேற்பார்வையாளர்.

"அப்போ மேலிடமே வந்து கழி ஊன்றட்டும்."

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்துடறேன்" என்று கொழுந்தன் பலகையில் கால் வைத்தான்.

"உங்க அண்ணனும் வந்துடறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. ஏறிப் பாரு, காலை ஒடிச்சிடறேன்." சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

ஏற்கெனவே மிதவையில் நின்றிருந்த நெட்டையன் எங்களையே பார்த்தான். கழியைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை கொழுந்தனின் சட்டையை நான் விடவில்லை.