உள்ளே கேட்டுச் சொல்கிறேன்

என் கணவர் கடைசியாகச் சொன்ன பொய் என்னைப் பற்றியது.

அன்று காலைதான் எங்கள் பழைய காரை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார். சூட்டோடு சூடாக ஒருவர் அழைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. வீட்டுக்காரிதான் ஒத்துக்க மாட்டா. அவ ஒரு மாதிரி" என்று இவர் ஃபோனில் இழுத்தார். எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நான் வாயையே திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பேரத்திலும் அவர் நல்லவர், நான் ராட்சசி. அதுதான் எங்கள் ஏற்பாடு. சற்றுப் படுத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். பட்டாணியை முடித்துவிட்டுக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

கார் அப்படியே வாசலில் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. மாப்பிள்ளை அலைந்து திரிந்து வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். குறை சொல்லக் கூடாது, நல்ல பிள்ளை. ஆனால் அவரும் என் மகளும் சேர்ந்து, வீட்டைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடு என்று ஆரம்பித்தார்கள். தனியாக இருந்தால் கண்டவனும் என்னை ஏமாற்றிவிடுவானாம்.

"காரை நானே விக்கறேன். உன் வீட்டுக்காரரோட சிநேகிதர் சொன்ன விலையைவிடக் குறைச்சு வித்தேன்னா, மூட்டையைக் கட்டிக்கிட்டு உன்கூட வந்துடறேன். கூட வித்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றேன். அந்தச் சிநேகிதர் பழைய கார் வியாபாரி. ஒரு விலை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் அதற்குள் முடித்துவிடும்படியும் சொல்லிவிட்டு மகள் ஃபோனை வைத்தாள். குரலில் ஜெயித்துவிட்ட தெம்பு.

முதலில் ஒரு டீலர் வந்தார். வாசலில் கறாராக டயரை உதைத்துப் பார்த்தவர், கூடத்தில் என் கணவரின் படத்தைப் பார்த்ததும் வெண்ணெயாக உருகினார். தனியாக எதற்கம்மா கஷ்டப்படுகிறீர்கள், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். உருகிய வேகத்தில் அவர் சொன்ன விலையும் உருகிவிட்டது. துக்க வீட்டுக்கென்று சந்தையில் தனி விலை இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அவர் போனதும் படத்தைக் கழற்றிப் படுக்கையறையில் மாட்டினேன். இனிமேல் யார் கேட்டாலும் அவர் உள்ளே இருக்கிறார்.

அடுத்து இணையக் கம்பெனியிலிருந்து ஒரு பரிசோதகர். அவர்களுடைய தளத்தில் காட்டிய விலையைப் பார்த்து நான் துள்ளாத குறை. அந்த விலை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இளைத்துப்போயிற்று. கதவு கதவாக ஒரு கருவியை வைத்துப் பெயின்ட் கனம் பார்த்தார், கீறலையெல்லாம் படம் பிடித்தார், ஒவ்வொன்றுக்கும் கழித்தார். நான் உள்ளே போய்ப் படத்தின் முன்னால் சற்று நின்றுவிட்டு வந்து, அவர் வேண்டாம் என்கிறார் என்றேன். ஆபீசுக்குப் பேசிக் கொஞ்சம் ஏற்றினார். என் கணவர் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: கழித்தது போகக் கைக்கு எவ்வளவு வரும்? சர்வீஸ் கட்டணம், பெயர் மாற்றும் கட்டணம் என்று அடுக்கினார். ஏற்றியதெல்லாம் இறங்கி, சிநேகிதரின் விலைக்கும் கீழே போய் நின்றது.

மூன்றாமவர் நகரத்தின் மறுகோடியில் கடை வைத்திருந்த டீலர். நான் இரண்டு முறை உள்ளே போய் வந்ததுமே, "ஐயாகிட்ட நானே ஒரு வார்த்தை பேசிடறேனே" என்றார். குளிக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் டீ குடித்தார். பேப்பரைப் படித்தார். விளம்பரங்களையும் படித்தார். இன்னுமா குளிக்கிறார் என்று கேட்டார். அவர் குளிக்கப் போனால் அப்படித்தான் என்றேன். பொறுமை போய், சிநேகிதரின் விலைக்கு மேலேயே சொன்னார். ஆனால் ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் முன்பணம் தர மாட்டாராம். அதற்கு நான் என்ன செய்ய? கடைசியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். உயிரோடு இருந்தபோதுகூட என்னவரால் எனக்கு ஒரு வியாபாரம் கெட்டதில்லை.

சனிக்கிழமை ஆயிற்று. அன்று வந்தது ஒரு நர்ஸ், என் மகள் வயது. ராத்திரி டியூட்டிக்குப் போய்வர சொந்த வண்டி வேண்டுமாம். விளம்பரத்தில் என் கணவர் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள்: "இடது பின் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியே நிற்கும். யார் சொன்னாலும் ஏறாது." வண்டியை ஓட்டிப் பார்த்தாள், பிடித்திருந்தது. ஆனால் விலையைக் கேட்டதும், எங்கள் வீட்டுக்காரர் விட மாட்டார், கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஃபோனைக் காதில் வைத்தபடி வாசல் கேட் பக்கம் போனாள். நானும் என்னவரைக் கேட்க உள்ளே போனேன்.

படுக்கையறை ஜன்னலிலிருந்து கேட் தெரியும். ஆமாங்க, இல்லைங்க என்று அவள் பவ்யமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதிலேயே ஃபோன் மணி அடித்தது. தெருவுக்கே கேட்டது.

திரும்பி வந்தபோது அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் ரொம்பக் கறாரோ என்றேன்.

"அப்படி ஒருத்தர் இல்லம்மா. தனியா வந்திருக்கேன்னு தெரிஞ்சா விலையை ஏத்திடறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா என்ன சொன்னாங்க?" என்றாள்.

"உள்ளே வந்து நீயே கேளு."

படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்திடம்தான் பேசினாள்.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாங்க?"

"அவர் நல்லவர், குறைக்கலாம்னுதான் சொல்வார்" என்றேன். "வீட்டுக்காரிதான் ஒத்துக்க மாட்டா. அவ ஒரு மாதிரி."

அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. எனக்கும் வந்தது, அவர் போன பிறகு அந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு படி ஏறினாள், நான் ஒரு படி இறங்கினேன். முடிந்த இடம், சிநேகிதரின் விலைக்கு ஒரு டயர் வாங்கும் அளவு மேலே.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை விலையைக் கேட்டார், சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மகள் காலியான வாசலைப் பார்த்துக்கொண்டே, "யாரும்மா உனக்கு உதவி பண்ணினது?" என்றாள். உன் அப்பாதான் என்றேன். வீட்டைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. படத்தை மாப்பிள்ளையே கூடத்தில் திரும்ப மாட்டிக் கொடுத்தார்.

நேற்று மழையில் நர்ஸ் ஃபோன் செய்தாள். கண்ணாடியை ஏற்றப் புது மோட்டார் போட்டாளாம், வேறு மெக்கானிக்கிடமும் காட்டினாளாம். இடது பின் கண்ணாடி இன்னும் இரண்டு விரல் இறங்கியேதான் நிற்கிறதாம்.