நிலாச் செய்தி

நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தில் தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் சிவபாக்கியம் மூன்று முறை மணி கேட்டுவிட்டாள். குளிப்பாட்டுவதற்காகப் பெஞ்சில் கிடத்தியிருந்த புருசனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, மகன் பாலமுருகனின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப மணி என்னப்பா?"

"பன்னெண்டும்மா. ஏன் சும்மா சும்மா கேக்குற?"

மன்னவனூரிலிருந்து வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு. நாப்பத்திரெண்டு வருசம் கூட இருந்த மனுசன்ல" என்றாள் ஒருத்தி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிவபாக்கியம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் புத்தி பூண்டுப் பாத்தியில் கட்டிய வரப்பு மாதிரி நேராகத்தான் இருந்தது. நாலு மணிக்கு ரேடியோவில் அவள் புருசன் பேசப் போகிறார். அதை அவள் கேட்டே ஆக வேண்டும்.

திருமலைச்சாமி இறந்தது அன்று காலை ஆறு மணிக்கு. ஒரு டம்ளர் காப்பி குடித்தார், இன்றைக்கு வியாழக்கிழமைதானே என்று கேட்டார், ஆமாம் என்றதும் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். பதினைந்து நாளுக்கு முன்பு கொடைக்கானல் வானொலி நிலையத்திலிருந்து ஆள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். நிலாவில் மனிதன் கால் வைத்து நாற்பது வருடம் ஆகிறது, அறுபத்தொன்பதாம் வருடத்து மலை வாழ்க்கையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, அந்தக் காலத்து விலைவாசி, சினிமா, செய்தி எல்லாம் பேச வேண்டும் என்றார்கள். பூம்பாறையில் அதற்குத் திருமலைச்சாமியை விட்டால் வேறு ஆள் கிடையாது. இந்த ஊருக்கு முதல் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தவர் அவர். நிலாச் செய்தியைக் கோயில் முன்னால் நின்று ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து அவருக்கு நிலாச்சாமி என்று பேர். ரேஷன் கார்டில் மட்டும்தான் திருமலைச்சாமி.

அவர் நிலையத்துக்குப் போன அன்று சிவபாக்கியம் களையெடுக்கப் போயிருந்தாள். கூடப்போன பாலமுருகனை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வந்தவர், சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் இலையைப் பார்த்தபடியே, "ரெண்டு வாரங் கழிச்சு வியாழக்கெழம நாலு மணிக்கு வரும். நீ கட்டாயம் கேக்கணும்" என்றார்.

"என்ன பேசுனீங்க?"

"கேளு, தெரியும்."

இரண்டு வாரமாக அந்த 'கேளு, தெரியும்' அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் நிலாச் செய்தியில் ஊருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இப்போது பெஞ்சில் கிடக்கிறார்.

அந்த டிரான்சிஸ்டர் வந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். திருமலைச்சாமி அந்த லைசென்ஸ் புத்தகத்தை அவள் கண் முன்னால் விரித்துக் காட்டினார். "பாத்தியா, எம்பேரு போட்டிருக்கு. வேற யாரும் திருகுனா போலீசு வந்து புடிச்சிட்டுப் போயிரும்" என்றார். அவள் நம்பினாள். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குதிரைகளில் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் சந்தைக்குப் போனார். மறுநாள் காலையில் வீட்டில் தனியாக இருந்தவளுக்குக் கை அரித்தது. கதவைச் சாத்திவிட்டுத் திருகினாள். நிலாவில் மனிதன் நடக்கிறான் என்று ஒரு குரல் சொன்னது.

அதாவது பூம்பாறையில் அந்தச் செய்தியை முதலில் கேட்டவள் சிவபாக்கியம். யாரிடம் சொல்வது? சொன்னால் போலீஸ் வரும். மத்தியானம் புருசன் வந்ததும் அவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சாயங்காலம் கோயில் முன்னால் நின்று தானே கேட்டதாகச் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக, கல்யாண வீட்டில், டீக்கடையில், பஸ்ஸில், ஒரு இடம் விடாமல் சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் சிவபாக்கியம் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவள் வாய் திறந்ததில்லை. அவர் மேல் பிரியம் இருந்தது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆத்திரமும் ஆறாமல் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின.

"மூணு மணிக்குத் தூக்கிருவோம்" என்றான் பாலமுருகன். "மேகம் எறங்குது. மழ புடிச்சா பாதையில நடக்க முடியாது."

"நாலு மணிக்கு மேல தூக்கலாம்" என்றாள் சிவபாக்கியம்.

"எதுக்கும்மா?"

மறைத்துப் பயனில்லை. "இன்னிக்கு ஒங்கப்பா பேசுறது ரேடியோவுல வருது. நான் கேக்கணும்."

கூடியிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். அதற்கப்புறம் எழுந்த சத்தத்தைச் சாவு வீட்டுச் சத்தம் என்று சொல்ல முடியாது. "அட, இன்னிக்கா?" "செத்தவரு எப்பிடிப் பேசுவாரு?" "முன்னாலயே புடிச்சு வச்சிருப்பாங்கப்பா." செய்தி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து மேலத்தெருவுக்குப் போனது. மாலை வாங்கப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்து உண்மையா என்று கேட்டுவிட்டு மறுபடி போனார். மேளக்காரர்கள் தப்பைக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள்.

மருமகள் ரம்யா அவள் கையைப் பிடித்தாள். "அத்த, பொணம் கெடக்குற வீட்டுல ரேடியோ போடக்கூடாதுல்ல?"

அது ஒரு சிக்கல். தூக்கும் வரை வீட்டில் பாட்டு, ரேடியோ, டி.வி. எதுவும் கூடாது. தூக்கிய பிறகு போடலாம், ஆனால் ஊருக்குள் போட்டுப் பிரயோசனமில்லை. அந்தக் காலத்து சிலோன் ரேடியோ எல்லாம் வீட்டு மூலையில் கேட்டது. இந்த எஃப்.எம். மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ளும். ஊருக்கு மேலே ரோட்டு வளைவுக்குப் போனால்தான் தெளிவாக எடுக்கும்.

"அம்மா, கேசட்டு கேட்டு வாங்கித் தாரேன். அடுத்த வாரம் சாவகாசமாக் கேளு" என்றான் பாலமுருகன்.

"இன்னிக்குக் கேக்கணும். அவரு சுடுகாட்டுக்குப் போறதுக்கு முன்னால கேக்கணும்." அவள் குரல் இறங்கவில்லை. "கெட்டது பேசியிருந்தா திட்டி அனுப்பணும். நல்லது பேசியிருந்தா சும்மா அனுப்பணும். ரெண்டும் தெரியாம எப்பிடிடா அனுப்புவேன்?"

அப்போது செல்லப்பாண்டி எழுந்தார். திருமலைச்சாமிக்கு மச்சான் முறை, கூட்டாளி, எதிராளி, மூன்றும் அவரே. நாற்பது வருடமாக, நிலாவில் எவனும் நடக்கவில்லை, எல்லாம் திருமலையின் புளுகு என்று சொல்லிவந்தவர். காலையிலிருந்து சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னப்பா பெரிய சிக்கல்? வீட்டுக்குள்ளதான கூடாது? மூணரைக்குத் தூக்குவோம். பொம்பளைக எம்புட்டுத் தூரம் வருவாக? ரோட்டு வளைவு வரைக்கும். பாடைய எறக்கி வச்சுத் தலமாட்ட மாத்துறதும் அங்கதான. எறக்குற நேரத்துல ரேடியோவப் போடுவோம். சாத்திரமும் கெடல, சோலியும் முடிஞ்சிரும்."

"ஊரு சிரிக்கும் மாமா" என்றான் பாலமுருகன்.

"சிரிக்கட்டும்லே. எம்பேரச் சொல்லியிருக்கானான்னு எனக்குத் தெரியணும்."

மூன்றரைக்குத் தூக்கினார்கள். பூம்பாறையில் எந்தப் பிணமும் அவ்வளவு வேகமாக மேடேறியதில்லை. மேளக்காரர்கள் அடித்த அடியில் தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் வலி என்று பத்து வருடமாகப் படியிறங்காத பெண்கள்கூட வெரசாக நடந்தார்கள். வளைவுக்கு வந்தபோது ஊரிலிருந்த நாலு ரேடியோவும் அங்கே இருந்தன. பாடையை இறக்கி வைத்துச் சுற்றி நான்கு மூலையிலும் வைத்தார்கள். ஒன்றில் பேட்டரி போய்விட்டதென்று ஒருவர் டார்ச் லைட்டைத் திறந்து பேட்டரிக் கட்டையை உருவிக் கொடுத்தார். கீழே படிப்படியாகப் பூண்டு வயல்கள் மேகத்துக்குள் இருந்தன.

சிவபாக்கியம் பாடையருகே உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்தன்று கூட இப்படி அடித்ததாக ஞாபகமில்லை.

மணி நாலு. ஒரு பெண் வணக்கம் சொன்னாள். பழைய பாட்டு ஒன்று இரண்டு வரி ஓடியது. "பூம்பாறையைச் சேர்ந்த விவசாயி திருமலைச்சாமி அவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்" என்றாள்.

இருக்கிறார் என்றதும் பெண்கள் குபீரென்று அழுதார்கள். "சத்தம் போடாதீகடி!" என்று சிவபாக்கியம் அதட்டினாள். நாலு பக்கமிருந்தும் ஒரு இருமல் கேட்டது. அவர் இருமல்தான்.

"வணக்கம்ங்க. அப்பல்லாம் டீ பத்துக் காசு. கொடைக்கானல் கொட்டகையில தரை டிக்கெட்டு நாலணா. படம் பாக்குறதுக்குன்னே சந்தைக்குப் போவோம், பூண்டு விக்கிறதெல்லாம் சாக்கு. பூண்டு கிலோ ஒண்ணே கால் ரூவா."

"பொய்யி!" என்று செல்லப்பாண்டி எழுந்துவிட்டார். "ரெண்டு ரூவாய்க்கு நான் வித்தேன். இவன் ஏமாந்து ஒண்ணே காலுக்குக் குடுத்துட்டு வந்தான்."

"செல்லப்பாண்டின்னு ஒரு மச்சான் இருக்கான்" என்றது ரேடியோ. "ரெண்டு ரூவாய்க்கு வித்தேம்பான். நம்பாதீக."

வளைவே சிரித்தது. பாடை தூக்கியவர்கள் சிரித்தார்கள், மேளக்காரர்கள் சிரித்தார்கள், கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பாலமுருகனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். செல்லப்பாண்டி பாடையைப் பார்த்து, "போறப்பக்கூட ஒனக்கு நக்கலாடா மாப்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க ஊருக்கு நிலாச் செய்தியை முதலில் கேட்டுச் சொன்னவர் நீங்கள்தானாமே ஐயா?" என்று ரேடியோவில் அந்தப் பெண் கேட்டாள்.

சிவபாக்கியம் முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கினாள். சொல்லப் போகிறார், ரேடியோவிலும் அதையேதான் சொல்லப் போகிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"சொன்னது நான்தாங்க. கேட்டது நான் இல்ல."

செல்லப்பாண்டி ரேடியோப் பக்கம் குனிந்தார்.

"அன்னிக்கு நான் குதிரையோட பாதையில வந்துக்கிட்டு இருந்தேன். கேட்டது எம் பொண்டாட்டி. ரேடியோவத் தொட்டா போலீசு புடிக்கும்னு அவள மெரட்டி வச்சிருந்தேன். செலவாகும் பாருங்க, பேட்டரி. பதினெட்டு வயசுப் புள்ள, நம்பிருச்சு. மத்தியானம் நான் வந்து குதிரயக்கூடக் கட்டல, அழுதுக்கிட்டே ஓடியாரா. 'போலீசு வந்தா வரட்டும், நெலாவுல ஆளு நடக்குறான்'னா. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லன்னு ஒரு செய்தியச் சொன்னவ இந்த மலையில அவ ஒருத்திதாங்க."

"பிறகு ஏன் ஐயா நீங்களே கேட்டதாகச் சொன்னீர்கள்?"

"பொம்பள சொன்னான்னா சிரிப்பானுக. மறுநாளே நெலாச்சாமின்னு கூப்ட்டானுக. ஏத்திவிட்ட பேர எறக்கி வைக்கத் தெரியல. நேர்ல சொல்லலாம்னா செல்லப்பாண்டி குறுக்க பேசுவான். ரேடியோவுல சொன்னா எவனும் குறுக்க பேச முடியாதுல்ல." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "சிவபாக்கியம், கேட்டியா? நீதான் மொதல்ல கேட்ட."

அந்தப் பெண் நன்றி சொன்னாள். அடுத்துக் காய்கறி விலை நிலவரம் வந்தது. பாலமுருகன் குனிந்து ஒவ்வொரு ரேடியோவாக நிறுத்தினான். நாலாவதை நிறுத்தியபோது எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது சிவபாக்கியத்துக்குத் தெரிந்தது.

"ஏந்தங்கச்சி" என்றார் செல்லப்பாண்டி மெதுவாக. "அப்ப நான் நாப்பது வருசமா தப்பான ஆளுகிட்டயா சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்?"

அவள் பாடையிலிருந்த மாலையைச் சரிசெய்தாள்.

வயதில் மூத்த ஒருவர் நேரமாகிறது என்றார். தலைமாடு கால்மாடு மாற்றிப் பாடையைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். பெண்கள் திரும்ப வேண்டிய இடம் அதுதான். ரம்யா அவள் தோளைத் தொட்டு, "வாங்கத்த" என்றாள். செல்லப்பாண்டி இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லிரு. நெசமாவே நடந்தானா?"

சிவபாக்கியம் நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நடந்தான்ணே" என்றாள். "ஏணியில எறங்கி மொதல்ல எடது கால வச்சானாம். கீழ புழுதியா இருந்துச்சாம், நம்ம கோடையில உழுத காடு மாதிரி. காலு பொதிஞ்சு அச்சு விழுந்துச்சாம். நான் அடுப்பப் பத்தவைக்காம அப்பிடியே உக்காந்துட்டேன். பெறகு ரெண்டாவது ஆளு எறங்குனான்ணே…"

மேளம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாடையைத் தோளில் வைத்தவர்கள் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக அப்படியே நின்று, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.