கேட்டுப் போடும் கடை

எலூத்தேரியோ பாக்கா அந்தக் கடையின் பெயரைச் சொல்லவே மாட்டார். 'வரிசைக்கடை' என்பார். அமெரிக்காவின் எல் பாஸோ ஊரில், அலமேதா சாலையில், ரொட்டியில் குழம்பை வைத்துச் சுருட்டி விற்கும் அவருடைய புரிட்டோ கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அது திறந்த நாளிலிருந்து அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. நாடு முழுக்கக் கிளை விட்ட கம்பெனி அது. எந்த ஊருக்குப் போனாலும் அதே மேசை, அதே விளக்கு, அதே ருசியின்மை.

"புரிட்டோவுக்குள்ள சோத்த வைக்கிறான்யா! மக்காச்சோளம் வைக்கிறான், கீரையத் திணிக்கிறான், மேல தயிர ஊத்துறான். சாப்பாடா அது? சந்தைக் கழிவு!" என்பார் வருகிறவர்களிடமெல்லாம்.

உள்ளதைச் சொன்னால், அதில் பொய்யில்லை. எலூத்தேரியோவின் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும். அதற்குள் ஒரே ஒரு குழம்பு. சிவப்பு மிளகாயில் காலையிலிருந்து வெந்த மாட்டிறைச்சி, இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி உருகிய பீன்ஸ். கையில் எடுத்தால் கையோடு நிற்கும், ஒழுகாது. வரிசைக்கடைப் பண்டமோ ஈயத்தாளில் சுற்றிய தலையணை. பாதி தின்பதற்குள் பிட்டுக்கொண்டு மடியில் கொட்டும். போதாததற்கு, ரொட்டியே இல்லாமல் கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்து அதையும் புரிட்டோ என்று விற்றார்கள். இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது?

அதைவிட அவருக்கு ஆத்திரம் மூட்டியது அங்கே கேட்கிற கேள்விகள். எந்த அரிசி? எந்த பீன்ஸ்? காரம் வேண்டுமா? கீரை வேண்டுமா? சாப்பிட வந்தவனை நிற்க வைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள். எலூத்தேரியோ தன் கடையில் யாரையும் எதுவும் கேட்டதில்லை. ஆள் உள்ளே நுழையும்போதே முகத்தைப் பார்ப்பார், தட்டு வந்துவிடும். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனைவிட அவருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் மாரிக்ரூஸ், அந்த வரிசைக்கடையின் மேனேஜர், அதான் கெஸாதா என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எலூத்தேரியோ 'வரட்டும்' என்று மட்டும் சொன்னார். முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது அல்லவா? அதற்காகத்தான். மாரிக்ரூஸ் சின்ன வயதிலிருந்து அவர் பேச்சைத் தட்டியதில்லை. அவர் கடையில்தான் பரிமாறினாள், அவர் கிழித்த கோட்டைத் தாண்டியதில்லை. இரண்டு நாள் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"முடியாதுன்னு சொல்றதுக்கு முந்தி ஒரு தடவ அந்தப் பையனப் போய்ப் பாத்துட்டு வாங்க. அவன் வேல செய்யிற எடத்துல பாருங்க," என்றாள் மனைவி ஒத்திலியா.

"அந்தக் குப்பைய மிதிக்கச் சொல்றியா?"

"மிதிச்சா கால் ஒண்ணும் அழுகிடாது. போய்ட்டு வாங்க."

சனிக்கிழமை மதியம் போனார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி போனார். வரிசையில் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியும் கையுறையுமாக அதான் நின்றிருந்தான். இவரைக் கண்டதும் பையனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் சிரித்தான்.

"வாங்க ஐயா. புரிட்டோவா, கிண்ணமா?"

"கிண்ணத்துல திங்க எனக்கென்ன பல்லு போச்சா?"

"சரிங்க ஐயா. எந்த அரிசி?"

"அரிசி எதுக்குடா அதுல? உங்க அம்மா வீட்ல அப்படியா செய்றாங்க?"

"இல்லீங்க ஐயா," என்றான் அதான், குரலைத் தாழ்த்தி. "எங்கம்மாவும் இதப் பாத்து தலையில அடிச்சுக்குவாங்க. வேணாம்னா வேணாம். பீன்ஸ் எது போடட்டும்?"

"நீ சமையக்காரன்தான? நீயே முடிவு பண்ணு."

"நான் முடிவு பண்ணக் கூடாதுங்க. சாப்பிடப் போறது நீங்க, நீங்கதான் சொல்லணும்."

"தெரியாதுன்னு சொல்லு! சமைக்கத் தெரியாதவன்தான் ஊரக் கேப்பான்," என்று எலூத்தேரியோ கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. எதையோ சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டு உட்கார இடம் தேடினார். மூலை மேசையில் ஓர் ஆள் சட்டென்று தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டான்.

அந்தத் தொப்பி அவருக்குத் தெரியும். அவருடைய ஆருயிர் நண்பன், மாரிக்ரூஸின் ஞானத்தகப்பன், சோன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். முன்னால் ஒரு கிண்ணம், நிறையக் கோழி, அரிசி, கீரை, தயிர்.

"அடப்பாவி! நீயுமாடா?"

சோன் அசடு வழிந்தான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான். "உக்காரு பங்காளி. கத்தாத. செவப்பு மொளகா எனக்கு ஆகல. நெஞ்சு எரியுது, ராத்திரி முழுக்க உக்காந்துட்டு இருக்கேன்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"எத்தன தடவ சொல்லிட்டேன்! உன் கடைக்கு வரும்போதெல்லாம் சொல்றேன். நீ என் மூஞ்சியப் பாப்ப, 'உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்'னு சொல்லுவ, செவப்பு கொண்டாந்து வைப்ப. நல்லா இல்லன்னு யார் சொன்னா? உன்னுது அமிர்தம். இது மண்ணு. ஆனா இந்தப் பய எனக்கு எது ஆகும்னு கேக்குறான்."

எலூத்தேரியோ ஒரு வாய் கடித்தார். மண்தான். வெந்தும் வேகாத பீன்ஸ், உப்பு ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம். ஜெயித்துவிட்ட திருப்தியோடு மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டு வெளியேறினார். சோன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் அதானின் அப்பா, அம்மா, அதான் மூவரும் வந்தார்கள். முறைப்படி இனிப்பு ரொட்டிக் கூடையும் பூவும் கொண்டுவந்தார்கள். சோனும் ஞானத்தகப்பன் என்ற உரிமையில் ஒரு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மாரிக்ரூஸ் பச்சைப் பாவாடை கட்டி அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அவள் விரல்கள் நாற்காலி முதுகை இறுகப் பிடித்திருந்தன.

அதானின் அப்பா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, நல்ல குடும்பம், நல்ல பெண், எங்கள் பையனுக்குக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டார். அவர்கள் வழக்கப்படி இதற்குப் பெண்ணின் அப்பா உடனே பதில் சொல்லக் கூடாது. பெண் பக்கம் திரும்ப வேண்டும். 'உனக்குச் சம்மதமா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். பதில் ஊருக்கே தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். எவ்வளவு முரட்டு அப்பனும் அந்தக் கேள்வியை விட்டதில்லை. ஒத்திலியாவை அவளுடைய அப்பா கேட்டபோது எலூத்தேரியோ இதே போல எதிர் நாற்காலியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான்.

ஆனால் அவருடைய கவனமெல்லாம் இரவு முழுக்க ஒத்திகை பார்த்த பேச்சில் இருந்தது.

"கெஸாதா, உங்க பையன் நேத்து எனக்கு ஒரு மூட்டைய மடிச்சுக் குடுத்தான். அத நாய்க்குப் போட்டா நாய் கேஸ் போடும். ரொட்டி வாட்டத் தெரியாதவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். கூடைய எடுத்துக்கிட்டு..."

"எலூத்தேரியோ," என்றாள் ஒத்திலியா. அவள் அவரைப் பேர் சொல்லி அழைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. "அவளக் கேளுங்க."

"எதுக்கு? அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

சோன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அதானின் அம்மா பூங்கொத்தை மடியிலிருந்து எடுத்து மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதம்," என்றாள் மாரிக்ரூஸ்.

எலூத்தேரியோவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. "உன்ன யாருடி கேட்டா?"

"யாரும் கேக்கலப்பா," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "கேப்பீங்கன்னு இவ்வளவு நேரம் நின்னேன்."

நாற்காலியை விட்டுக் கையை எடுத்து, நேராகப் போய் அதானின் அம்மாவிடமிருந்து பூவை வாங்கிக்கொண்டாள். ஒத்திலியா எழுந்தாள். "வாங்க சம்பந்தி, வெளிய மரத்தடியில காத்தோட்டமா இருக்கு. நாள் பாத்துருவோம்," என்று அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அதான் வாசலில் ஒரு கணம் தயங்கி, "வர்றேங்க ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியாக சோனும் எழுந்துகொண்டான்.

"டேய், சாப்பாடு இருக்குடா! காலையிலேர்ந்து கொதிக்குது! ஊருக்கே சமைச்சு வெச்சிருக்கேன்!" என்று எலூத்தேரியோ கத்தினார்.

"இருக்கட்டும் பங்காளி," என்றான் சோன், திரும்பாமலே.

அவர் சமையலறைக்குப் போனார். குழம்பு அருமையாக வந்திருந்தது. ரொட்டியைச் சுட்டு, குழம்பை வைத்து, மடித்து, தட்டில் அடுக்கினார். ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். மாரிக்ரூஸ் ஏதோ சொல்ல, எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். அங்கே இருந்தவர்களில் யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எது ஆகாது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளுக்கு எது என்றுகூடத் தெரியவில்லை.