அசையாப் படம்

அக்கா ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் நர்ஸ். அங்கே மருத்துவர் கிடையாது. ஆறாத புண்ணோடு வருகிறவர்களை அவள் வெப்கேமரா முன் உட்காரவைப்பாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தோல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். யாரையும் செல்போனில் படமெடுத்து அவருக்கு அனுப்பக் கூடாதென்று கண்டிப்பான விதி.

அந்தக் கேமராவைக் கணினியோடு பேசவைக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை, எல்லோருக்கும் பொதுவாக, காசு வாங்காமல் எழுதிவரும் நாலைந்து பேரில் அவள் தம்பியும் ஒருவன். சம்பளத்துக்கு வேறு வேலை, இது ஆசைக்கு.

“டேய், கேமரா தலையில ஒரு பட்டன் இருக்கே, அமுக்கினா ஒண்ணும் ஆகலையே?” என்று ஒருநாள் போனில் கேட்டாள்.

“அது போட்டோ எடுக்கறதுக்குக்கா. வீடியோவைவிட ரொம்பத் தெளிவா வரும். டிரைவர்ல அதை இன்னும் யாரும் எழுதல.”

“அப்ப நீ எழுதேன். புண்ணு எது, நிழல் எதுன்னு தெரியாம டாக்டர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறார்.”

“எழுதறேன்கா.”

ஏழு மாதம் எழுதவில்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றான். “டிரைவர் டிரைவர்ங்கற, வண்டி கெளம்பவே மாட்டேங்குதே!” என்று அவளும் சிரித்துவிட்டு விடுவாள்.

இடையில் அவள் குதிகாலில் மிளகளவு ஒரு கரும்புள்ளி வந்தது. நோயாளிகள் போனபின் செருப்பைக் கழற்றிக் காலைக் கேமராவுக்குக் காட்டியிருக்கிறாள். “ரத்தக்கட்டு மாதிரி இருக்கு. சரியா தெரியல, நேர்ல வாங்க,” என்றாராம் மருத்துவர். மாற்று ஆள் இல்லாமல் லீவு தள்ளிப்போயிற்று. தொடையிடுக்கில் கட்டி கிளம்பிய பிறகே போனாள். அந்தப் புள்ளி தோல் புற்று; அதற்குள் நுரையீரல்வரை எட்டியிருந்தது.

இதெல்லாம் தம்பிக்குத் தெரியவந்ததே வார்டில்தான். அன்றே ஒரு கேமராவையும் மடிக்கணினியையும் கொண்டுவந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தான். ஓடும் வீடியோவை ஒரு கணம் நிறுத்தி, கேமராவிடம் பெரிய படத்தைக் கேட்டு வாங்கி, வீடியோவை மறுபடி ஓடவிட வேண்டும். மூன்றாம் நாள் படத்தில் அவள் முகம் பாதி பச்சையாக வந்தது.

“நான் இன்னும் அழுகலைடா,” என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலாம் நாள் பட்டனை அவளே அமுக்கினாள். படம் சுத்தமாக விழுந்தது. “சீக்கிரம் நிலையத்துக்கு அனுப்பு. வியாழக்கிழமை அந்தக் கால்புண்ணுக்காரர் வருவார்.”

மூன்று வாரத்தில் அவள் போய்விட்டாள்.

உறவுக்காரர்கள் கிளம்பியபின் அக்காவின் கணவர் காபி போட்டு அவன் கையில் கொடுத்தார்.

“நிலையத்துலருந்து பேசினாங்க மாப்ளே. படம் கண்ணாடி மாதிரி வருதாம். ரொம்பச் சிக்கலான வேலையோ? எத்தனை நாளாச்சு?”

பொய் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. “நாலு நாள் மாமா.”

அவர் எதிரே உட்கார்ந்தார். காபியில் ஆடை படிந்தது.

“அந்தப் புள்ளி எனக்கும் தெரியும். நானாவது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்,” என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவன் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.