டக் சத்தத்துக்கு எந்த நாடு?

கத்தி செய்தே பிழைக்கும் எங்கள் தியேர் நகரத்தில் குழந்தை பிறந்ததும் முதலில் கத்தியைத்தான் கேட்கும், பால் அப்புறம். நாற்பது வருடம் சாணை பிடித்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் கூட்டிச் சொல்வேனே தவிர, பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வருடக் கத்தித் திருவிழாவுக்கு, குழுத் தலைவன் மார்சலேன் ஒரு விதி கொண்டுவந்தான். எந்த நாட்டில் செய்தது என்று அட்டை எழுதி வைக்காதவருக்குக் கடை போட இடமில்லை. விதி நல்ல விதிதான். ஆனால் நேராகப் போய் அவன் கொழுந்தியாள் சொலாஞ்சைத்தான் குத்தியது. அவள் கத்தி அலகுகளைச் சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து, வீட்டுப் பின்கட்டில் ஸ்பிரிங்கும் பிடியும் பொருத்தி விற்கிறவள். வருடத்தில் பாதி வியாபாரம் திருவிழாவில்தான். எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவளுக்குப் பயம். எழுதாவிட்டால் கடையே இல்லை.

பேசித் தீர்க்க மதியச் சாப்பாட்டுக்குக் கூடினோம். எங்கள் பக்கத்தில் விருந்து வைப்பவர் கத்தி வைப்பதில்லை. அவரவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. குழுவில் என்னோடு ஆறு பேர், ஏழாவதாக சொலாஞ்ச். எல்லாரும் மடக்குக் கத்தியை எடுத்து விரித்தோம். டக், டக், டக்.

"எழுதறதுல என்ன வெக்கம் கொழுந்தியா?" என்றான் மார்சலேன், வாய் நிறையப் பன்றித்தொடையோடு.

"வெக்கம் என்ன மச்சான்? அட்டையப் படிச்சிட்டு, கத்தியத் தொடாமலே போயிடுவாங்க."

"போகட்டுமே! எனக்கு அட்டையே வேணாம். கண்ணக் கட்டி விடு. தெறக்குற சத்தத்துலயே எந்த நாடுன்னு சொல்லிடுவேன்."

"அக்கா சமையக்கட்டுலேருந்து கூப்பிட்டா மட்டும் அந்தக் காது அடைச்சுக்குமாமே?"

சிரிப்பில் மேசையே அரை அடி நகர்ந்தது. நானே துண்டால் அவன் கண்ணைக் கட்டி, ஏழு கத்திகளையும் கலந்துபோட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

முதலில் என்னுடையது. "தகர டப்பா! கப்பலேறி வந்தது" என்றான். அதை எனக்குச் செய்து கொடுத்தவனே அவன்தான். நான் அடுத்த கத்தியை எடுத்தேன்.

ஐந்தாவதைத் திறந்தேன். டக்! தேவாலய மணி தோற்றது. கீழே ஓடும் துரோல் ஆறு ஒரு கணம் நின்று கேட்டது.

"ஆகா! இதுதான்யா தியேர்! வேற எந்த ஊர்க்காரனும் இந்தச் சத்தத்த வரவழைக்க முடியாது. என் தலைய பந்தயம் வைக்கிறேன்!"

துண்டை அவிழ்த்தேன். என் கையில் சொலாஞ்சின் கத்தி.

"தலைய நீங்களே வச்சுக்கங்க மச்சான். அக்காவுக்கே அதனால ஒரு பிரயோசனமும் இல்லியாம்."

மார்சலேன் கத்தியைப் பிடுங்கி இருநூறு தடவை திறந்து மூடினான். சூப் ஆறி ஆடை கட்டியது. கடைசியில் முனகினான்: "சத்தம் அலகுல இல்ல. அரம் போட்டு ஸ்பிரிங்க உக்கார வச்ச கையில இருக்கு. அப்ப நான் சொன்னது சரிதானே? சத்தம் தியேர்தான்!"

"அப்ப அட்டையில என்ன எழுதட்டும்?"

"உள்ளத எழுது. அலகு அங்க, மத்தது இங்க."

"எழுதறேன். நீங்களும் எழுதணும். உங்க பிடிக்குக் கொம்பு எங்கேருந்து வருது?"

"கொம்பா... இந்தியா."

"ஸ்டீலு?"

"ஜெர்மனி. சில சமயம் சுவீடன்."

"ஆணி?"

மார்சலேன் அவசரமாக ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டான்.

திருவிழாவில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடை. அவள் அட்டையில் இரண்டே வரி: 'அலகு: சீனா. மற்றதெல்லாம்: சொலாஞ்ச், தியேர்.' அவன் அட்டை தரைவரை நீண்டது; படிக்கக் குனிந்தவர் கடைசி வரிக்கு மண்டியிட வேண்டியிருந்தது.

அவள் பயந்தபடியே நடந்தது. காலை முழுக்க முதல் வரியைப் படித்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போனார்கள். சொலாஞ்ச் கத்திகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். மார்சலேனுக்குப் பொறுக்கவில்லை. தன் கடையை அப்படியே போட்டுவிட்டு, அவள் கத்தியோடு நடுவழியில் பாய்ந்தான்.

"நில்லுங்க! படிச்சாப் போதுமா? காதக் கொடுங்க!"

டக்! ஊரே திரும்பியது. சாயங்காலத்துக்குள் ஒரு கத்தி மிஞ்சவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் சந்தேகமாக, "இவ்வளவு நல்லா இருக்கே, அலகு நெஜமாவே சீனாதானா?" என்றார்.

"சத்தியமா சீனாதாங்க!" என்று மார்பில் அடித்துக்கொண்டான் மார்சலேன்.