சமையலறைக்கு ஐந்து கிலோமீட்டர் இருநூறு மீட்டர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, டேஷ்போர்டின் வீட்டில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் இருநூறு மீட்டர் தூரம் இருந்தது. முந்தின இரவு வரை பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். பல் விளக்கிவிட்டுக் காபிக்காக நடைவழியில் இறங்கிய மனிதர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து, வியர்த்து விறுவிறுத்து, ஒரு செருப்பும் அறுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றார். "காபி ஆறிப்போச்சு. எங்கங்க போயிருந்தீங்க?" என்றாள் மனைவி. "வந்துட்டேதான் இருந்தேன்" என்றார். அது சத்தியமான வார்த்தை. அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே உண்மையும் அதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. முன்னால் பட்டறை, பின்னால் படுக்கையறை, அதையொட்டி நடைவழி, கடைசியில் சமையலறை. பக்கத்துச் சந்து வழியாகப் போனால் பட்டறை வாசலிலிருந்து சமையலறை ஜன்னலுக்கு நாற்பதே அடி. ஜன்னலில் கம்பி உண்டு; சமையலறைக்கு வெளிவாசல் கிடையாது. தூரமெல்லாம் உள்ளேதான் இருந்தது.

டேஷ்போர்டு என்பது ஊர் வைத்த பெயர். வண்டிகளின் மின்னணு வேலை பார்ப்பவர். தலையை ஸ்டீயரிங்குக்கு அடியிலும் காலை வெளியிலும் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால், தெருவில் பலருக்கு அவர் முகத்தைவிடப் பாதங்கள்தான் பழக்கம். அவருடைய அக்கா நில அளவையாளர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு விரற்கடை பிசகாதவள். பறக்கிற கொக்கைப் பார்த்து இறக்கையின் நீளத்தைச் சொல்வாள். கொக்கே ஒருமுறை திரும்பிவந்து ஆமாம் என்று தலையாட்டியதாகக் கேள்வி. காட்டுப் பாதை ஒன்றில் கிலோமீட்டர் கல் நடும் பொறுப்பு அவளிடம் வந்தது. பாறையும் சேறுமான பாதை. அதனால் தன் ஜீப்புக்கு முப்பத்தோரு அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு முப்பத்தைந்து அங்குலத்தில் மாட்டிக்கொண்டு, நேரே தம்பியின் பட்டறைக்கு வந்து நின்றாள்.

டயர் பெரிதானால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். வண்டியின் மூளைக்கு அது தெரியாது. பழைய சக்கரத்தை வைத்தே எண்ணிக்கொண்டிருக்கும். வேகத்தையும் குறைத்துக் காட்டும், தூரத்தையும் குறைத்துக் காட்டும். யாராவது அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணைக் கருவி வழியாக உள்ளே ஏற்ற வேண்டும். கால் மணி நேர வேலைதான். ஆனால் மண்டி போட வேண்டும். அன்றைக்குப் பார்த்து டேஷ்போர்டு சந்தன நிறத்தில் புதுச் சட்டை போட்டிருந்தார். சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் போட்டோவுக்கு நிற்கவேண்டியிருந்தது. பட்டறைத் தரையிலோ கிரீஸ். வண்டியில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, ஏதோ சரியில்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தது. அவர் நின்றபடியே கருவியைச் சொருகி, விளக்கை மட்டும் அணைக்கும் பொத்தானை அழுத்தினார். அணைந்தது.

"அளந்தியாடா?" என்றாள் அக்கா.

"அளக்காம விடுவேனா? உன் வண்டியாச்சேக்கா!"

அவள் திங்கட்கிழமை காட்டுப் பாதையின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப்போய், மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கிலோமீட்டருக்கு ஒரு சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிட்டு, அங்கேயே முகாமில் தங்கினாள். மீட்டர் நாற்பது காட்டியது. மறுநாள் காலையில்தான் டேஷ்போர்டின் செருப்பு அறுந்தது.

அதன்பின் அக்காவின் ஜீப் ஓடிய நாளெல்லாம் நடைவழி நீண்டது. பத்தாவது கிலோமீட்டரில் அவர் சைக்கிள் வாங்கினார். முப்பதில் சுவர்ப்பல்லிகள் குடும்பம் குடும்பமாக இடம்பெயரத் தொடங்கின. ஐம்பதைத் தாண்டியபோது நடுவழியில் தனியாக மழை பெய்தது. படுக்கையறையில் வெயில் அடிக்கையில் சமையலறையில் ஈரக்காற்று வீசியது. எண்பதுக்கு மேல் அங்கே சூரியனே மூன்று நிமிஷம் தாமதமாக உதித்தது. மனைவி சமையலறையிலேயே பாயை விரித்துக்கொண்டாள். டேஷ்போர்டு சந்துக்குள் போய் ஜன்னல் வெளியே நிற்பார். அவள் கம்பி வழியாக டம்ளரை நீட்டுவாள். இரண்டு பேரில் சிறையில் இருப்பது யார் என்று போகிற வருகிறவர்களுக்குப் புரியவில்லை. கம்பியை அறுத்துவிடவா என்று அவர் கேட்டபோது, "நீங்க எங்கியோ பண்ணின தப்புக்கு என் ஜன்னல எதுக்கு அறுக்கணும்?" என்றாள். அவர் சட்டென்று குனிந்து, காலில் எறும்பு கடித்ததுபோலச் சொறிந்துகொண்டார். எறும்பு இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வரைபடத்தில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருநூறு மீட்டர் இருக்கும் பாதையில் அவள் நட்ட கடைசிக் கல் நாற்பது என்கிறது. மேலதிகாரி அத்தனை பேர் முன்னாலும் வரைபடத்தை விரித்துக் காட்டினாராம். அவள் வண்டியைச் சந்தேகப்படவில்லை. அது தம்பி கைவைத்த வண்டி. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கண்ணும் கணக்கும் முன்போல் இல்லாததால் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது. "பிழை இருக்கான்னு பாரு. நாளைக்குக் குடுக்கப் போறேன்." டேஷ்போர்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஓர் எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து அந்தப் புள்ளியை வைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எத்தனையோ வருஷமாகப் பேனா பிடித்த கைதான். அந்த ஒரு புள்ளியின் கனத்துக்கு மணிக்கட்டே பிசகிவிட்டது.

அக்கா முகம் கழுவப் போன நேரத்தில் அவர் சந்துக்குள் ஓடி ஜன்னலில் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"அன்னிக்குச் சட்டை அழுக்காகாம வந்தீங்களே, அப்பவே நினைச்சேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நானா சொல்லணும்? போங்க. அவங்க கிளம்பறதுக்குள்ள போங்க."

டேஷ்போர்டு படுக்கையறைக்குப் போய்ச் சந்தன நிறச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா ஜீப்பில் சாவியைத் திருப்பும்போது முன்சக்கரத்தருகே கிரீஸில் மண்டி போட்டு, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "உருட்டுக்கா" என்றார். அவளுக்கு அதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சுற்று உருட்டினாள். இறங்கிவந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். நூற்றுக்குப் பதின்மூன்று வித்தியாசம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "மூணு டாக்டர்கிட்ட போய்க் கண்ணக் காட்டினேன்டா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவே இல்லை.

அவர் எண்ணை ஏற்றினார். விளக்குகள் ஒருமுறை சிமிட்டி ஒழுங்குக்கு வந்தன. டயர் மாட்டியதிலிருந்து மீட்டர் எழுநூறு ஓடியிருந்தது. அப்படியானால் தொலைந்தது தொண்ணூற்றொன்று என்று அக்கா மனத்துக்குள்ளேயே போட்டாள். "எங்க வச்சிருக்க?" என்றாள். அவர் நடைவழியைக் காட்டினார். அளவையாளர் அல்லவா, ஆச்சரியப்பட நேரமில்லை. கையை நெற்றியில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏறு" என்றாள். ஜீப் பட்டறை வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. முன்னால் போகப் போகப் பின்னால் இருந்த தூரம் பாயைப்போலச் சுருண்டுகொண்டது. கண்ணாடியில் பார்த்தால் படுக்கையறைக் கதவு பம்பரை ஒட்டியே துரத்திவந்தது. நடுவில் மழை வந்தது, வைப்பரைப் போட்டாள். எண்பத்தைந்து கிலோமீட்டர் எண்ணூறு மீட்டரில் கதவு நின்றுவிட்டது. அதற்குமேல் எவ்வளவு ஓட்டியும் தூரம் சுருளவில்லை. அக்கா இறங்கித் தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். "இந்த அஞ்சும் இருநூறும் வண்டி தின்னது இல்ல. கல்லுல எழுதினது. ஓட்டினாப் போகாது" என்றாள்.

மிச்சத்தைச் சாதாரணமாக ஓட்டிப்போய்ச் சமையலறை வாசலில் நிறுத்தினார்கள். மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டேஷ்போர்டு பின்சீட்டுக்குப் போனார். மறுநாள் அக்கா அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுக்கவில்லை. டேஷ்போர்டு தானே அங்கே போய் எல்லார் முன்னாலும், சட்டையின் முழங்கை வரை கிரீஸோடு, நடந்ததைச் சொன்னார். பிறகு முப்பது நாள் காட்டில் இருந்து நாற்பது கல்லையும் பிடுங்கி, தோளில் சுமந்து, அளந்த இடத்தில் நட்டார். புதிதாக ஐந்து கல்லும் நட்டார். கடைசிக் கல்லை அக்கா தட்டிப் பார்த்துச் சரி என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தூரம் அப்படியேதான் இருந்தது. மறுபடி அளந்தும் அதே கணக்கு. "கல்ல மாத்தி நட்டாச்சு. சொன்ன பொய்ய எங்க மாத்தி நடறது?" என்றாள் மனைவி. காலையில் அவர் இந்தப் பக்கமிருந்து நடக்கிறார், மனைவி பிளாஸ்கோடு அந்தப் பக்கமிருந்து நடக்கிறாள். இரண்டாவது கிலோமீட்டரைத் தாண்டிப் போட்டிருக்கும் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். இப்போதெல்லாம் காபி ஆறுவதில்லை. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடைவழியில் ஐந்து கல் நட்டுவிட்டுப் போனாள். ஐந்தாவது கல் குளிர்சாதனப் பெட்டிக்கு இருநூறு மீட்டர் முன்னால் இருக்கிறது.