ஒரு சாண் சுவர்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று அவருடைய சைக்கிள். இன்னொன்று, பெரிய பொருளைச் சின்னதாகச் செய்து பார்ப்பது. கல்யாணமான புதிதில் மூன்றாவதாக நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகப்போகத்தான் தெரிந்தது, என்னைக் கேரியரில் உட்காரவைத்து சைக்கிள் கணக்கிலேயே சேர்த்துவிட்டார் என்று.

குடிநீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்க்கிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்தால் நேரே பின்னறை. அட்டை, பல்குத்தும் குச்சி, பசை, பிளேடு, நகவெட்டி. அங்கே தண்ணீர்த் தொட்டி கட்டுவார், பாலம் கட்டுவார், தபால் நிலையம் கட்டுவார். எல்லாம் நூறில் ஒரு பங்கு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கதவு இருக்கும், அது திறந்து மூடவும் செய்யும்.

“சோறு ஆறுதுங்க” என்பேன்.

“இந்த ஜன்னல் காஞ்சிடட்டும், வந்துடறேன்” என்பார். ஜன்னல் காய்வதற்குள் சோறு காய்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவரைப் போலவே பித்துப் பிடித்த இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பெரிய மனிதர்கள் மூன்று பேர் ஒரு அட்டை வீட்டைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பார்க்க முடிந்தவரை சிரித்தேன்.

எனக்குக் கண் ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டு வந்தது. முதலில் பக்கத்தில் வருகிறவர்கள் மறைந்தார்கள். பிறகு மங்கல் வெளிச்சத்தில் எதுவுமே தெரியாமல் போனது. நல்ல வெயிலில் நேர் எதிரே இருப்பது மட்டும், சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். “அதுவும் கொஞ்ச நாள்தான், மருந்து கிடையாது” என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். அந்த டாக்டரை எனக்குப் பிடித்திருந்தது.

நான் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் பிரிவு. இருபத்திரண்டு வருஷம். விரிப்பின் நான்கு முனையும் கைக்கு வந்துவிட்டால் போதும், மடிக்கக் கண் தேவையில்லை. ஓரத்தில் தையல் பிரிந்திருந்தால் விரல் தானே நின்றுவிடும். பார்வை உள்ளவர்கள் தவறவிட்ட கிழிசலைக்கூட நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். “உன் கைக்கு வேலை இருக்கிற வரைக்கும் உனக்கும் வேலை இருக்கு. நேரத்துக்கு வந்து சேர், அது போதும்” என்று மேற்பார்வை அக்கா சொல்லியிருந்தார். வந்து சேர்வதற்குத்தான் சைக்கிள் கேரியர் இருந்ததே.

அப்படியிருக்கையில் அவருக்கு வேலை முறை மாறியது. இனிமேல் விடியற்காலையிலேயே மோட்டார் அறையில் இருக்க வேண்டும். என் வேலை தொடங்குவது எட்டு மணிக்கு. அவர் கெஞ்சியும் பார்த்தார், மேலதிகாரி மசியவில்லை.

“பேசாம வேலைய விட்டுட்டு வீட்ல உக்காருங்க அண்ணி. கண்ணு தெரியாத ஆளு ரோட்டுல நடக்கற வயசா இது?” என்றாள் நாத்தனார்.

“நடக்கறதுக்கு வயசு ஒண்ணும் ஆகல. கண்ணுதான் போச்சு” என்றேன்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் உட்காருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். காலையில் சுவரோரம் ஒரு நாற்காலி, மாலையிலும் அதே நாற்காலி, நடுவில் யாராவது வந்து “சாப்டீங்களா” என்று உரக்கக் கேட்பார்கள், காதும் போய்விட்டதுபோல. அந்த வேலை ஒன்றுதான் என்னை ஒரு ஆளாக வைத்திருந்தது.

முறை மாறப்போகிறது என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்பே பேச்சு அடிபட்டது. அப்போதே என் வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்திருந்தார். வாயால் எதுவும் சொல்லவில்லை. சைக்கிள் சக்கரத்தின் ஒரு கம்பியில் தடித்த அட்டைத் துண்டைக் கட்டினார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரத்தைத் தாங்கும் முன்கவையில் ‘டக்’ என்று ஒரு முறை தட்டும். ஒரு டக்குக்கு என் நடையில் மூன்று அடி. ஞாயிறு காலையில் என்னைக் கேரியரில் வைத்து, வீட்டிலிருந்து சலவைக்கூடம்வரை ஆமை வேகத்தில் மிதித்தார். அவர் வீடுகளையும் கம்பங்களையும் பார்த்துக்கொண்டே வர, நான் டக்குகளை எண்ணிச் சொன்னேன். தெருவில் போனவர்கள் எங்களை என்ன நினைத்திருப்பார்களோ, எனக்கு அன்று கூச்சமே வரவில்லை.

பதினான்கு மாதம் பிடித்தது. பின்னறையின் இரண்டு சுவரை ஒட்டி ‘ட’ போலப் பலகை போட்டு, அதன்மேல் எங்கள் தெருவைக் கட்டினார். என் ஒரு அடி ஒரு அரிசி நீளம். பத்து அடிக்கு ஒரு குண்டூசித் தலை, நடைபாதை ஓரத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். சாக்கடை மூடிக்கு உப்புத்தாள், மரத்தடிக்குச் சணல், ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வழவழப்பான தகரம். பார்த்தால் அழகாக இருந்ததா, தெரியாது. தடவினால் தெருவில் நிற்பதுபோல இருந்தது.

தினமும் உட்கார்ந்தபடியே வேலைக்குப் போய் வந்தேன். வீட்டுப் படி, மூன்று குண்டூசி, சாக்கடை மூடி. ஏழு குண்டூசி, ஒர்க்‌ஷாப். அங்கே இடப்பக்கம் திரும்பி ஐந்து, மரம். இன்னும் எட்டு, தபால் பெட்டி. அதன்பிறகு ஐஸ் கிடங்கின் நீள மதில். அதை ஒட்டி ஆறு குண்டூசி நடந்து வலப்பக்கம் திரும்பினால் வேகத்தடை, எதிரே ஆஸ்பத்திரியின் பின்வாசல். எங்கள் ரோட்டில் வண்டிகள் வேகம் குறைக்கிற ஒரே இடம் அந்த வேகத்தடைதான். அங்கே மட்டும்தான் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று அவர் நூறு முறை சொன்னார். நான் நூற்றொரு முறை தலையாட்டினேன்.

முதல் வாரம் நான் குச்சியைத் தட்டிக்கொண்டு நடக்கும்போது பின்னால் சைக்கிளில் திருட்டுத்தனமாக வந்தார். பெடல் கிறீச்சிடுவது எனக்குத் தெரியாதா?

“எண்ணெ போடுங்க, அப்புறம் துப்பறியலாம்” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் அவருக்குப் புது முறை தொடங்கியது, நான் தனியாகப் போனேன்.

மூன்று வாரம் போனேன், வந்தேன். சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். நாத்தனாரை வேண்டுமென்றே வரவழைத்து, என் வாயாலேயே சொல்லி அவள் வாயை அடைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மிதப்பாக நான் இருந்ததே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அப்போது கவனிக்கவில்லை. பின்வாசல் இரும்புக் கதவுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். காலை வெயில் அதில் பட்டால், மதிலோரம் வரும்போதே தலையை வலப்பக்கம் திருப்பினால் எனக்கு ஒரு வெளிறல் தெரியும். அது நேர் எதிரே வந்ததும் திரும்புவேன். தபால் பெட்டிவரை ஒழுங்காக எண்ணிக்கொண்டு வந்தவள், மதிலில் அந்த வெளிறலை நம்பி எண்ணுவதை விட்டிருக்கிறேன். கண் செய்த வேலையைக் கணக்கு செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் ஒரு நாள் மேகம் மூடியிருந்தது. வெளியே இறங்கியதும் எல்லாம் ஒரே கறுப்பு. திரும்பி வீட்டுக்குள் போயிருக்கலாம். போகவில்லை, தெரு என் விரலில் இருக்கிறது என்ற திமிர். மரம், தபால் பெட்டி எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. மதிலோரம் அறுபது அடி எண்ணினேன். வலப்பக்கம் திரும்பினேன். குச்சியால் தட்டினேன், வேகத்தடையின் மேடு தட்டுப்படவில்லை. இரண்டடி தள்ளியிருக்கும் என்று இறங்கினேன்.

ரொட்டி கொண்டுபோகிற வேன். டிரைவர்மேல் தப்பில்லை என்று போலீசிடம் நானே சொன்னேன். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

நான் மடித்த விரிப்பின்மேலேயே என்னைப் படுக்கவைத்தார்கள். மாலையில் அவர் வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பலகை பத்தல” என்றார் கடைசியில்.

“என்ன?”

“மதில் வரைக்கும் வந்தப்போ பலகை ஒரு சாண் பத்தல. அறைக் கதவு இடிச்சுது. வெறும் சுவர்தானேன்னு நடுவுல ஒரு சாண் எடுத்துட்டேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் செய்வோம். வாத்தியார்கூடப் பாலத்துல நாலு தூணைக் கொறச்சார். பாக்கறதுக்குத் தெரியாது. யாரும் வெறும் சுவரைப் பாக்க மாட்டாங்க.”

ஒரு சாண் என்றால் முப்பத்திரண்டு அரிசி. முப்பத்திரண்டு அடி. அந்த மதிலுக்கு முப்பத்தொரு டக், அதாவது தொண்ணூற்றுச் சொச்சம் அடி, என்று கேரியரில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னவள் நானேதான். சொன்னதோடு மறந்துவிட்டேன். அவர் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆவார்?

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“அது பழக்கதோஷம்மா. செஞ்சதே ஞாபகமில்ல. இன்னிக்கு அந்த இடத்துல போய் நின்னப்போதான்...” நான் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பு என்னிடமோ தெருவிடமோ இல்லை, முப்பத்திரண்டில் இருக்கிறது. கூட்டிக்கொண்டால் தீர்ந்தது.

பத்து வாரம் முன்னறைக் கட்டிலில் கிடந்தேன். அதற்குள் கண்ணில் மிச்சமிருந்த துளி வெளிச்சமும் போய்விட்டது. அதற்காக ஒரு நாள் அழுதேன், அதோடு சரி. மேற்பார்வை அக்கா போன் செய்து, மாதக் கடைசிவரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். படுத்தபடியே திட்டம் போட்டேன். மதிலின் நடுவில் மூன்று குண்டூசியை நெருக்கமாகக் குத்தி, ஒன்று பத்து என்று வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு அடிக்கு ஒரு நூல் முடிச்சு. பத்து நாள் தடவினால் விரலுக்கு ஏறிவிடும். அவரிடம் சொல்லவில்லை. எழுந்து நடந்த அன்று சொல்லி அவரை அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள் ஞாயிறு. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, “பின்னறைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

“நாளைக்குப் போலாம். கால் வீங்கிடும்.”

“பத்தடி நடந்தா வீங்குமா?”

அவர் ஊன்றுகோலை என்னிடமிருந்து வாங்கப் பார்த்தார். தையல்காரரும் வாத்தியாரும் பத்து வாரமாக இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே எழுந்து போனேன். கதவு நிலை, மூன்று அடி, பலகையின் விளிம்பு. கையை வைத்தேன்.

வெறும் பலகை. வீட்டுப் படி இல்லை. சாக்கடை மூடி இல்லை. நீளவாக்கில் தடவிக்கொண்டே மூலைவரை போனேன், மூலை திரும்பி அந்தக் கடைசிவரை போனேன். அங்கங்கே காய்ந்த பசையின் தழும்பு மட்டும் இருந்தது.

“எங்கே?” என்றேன்.

“அன்னிக்கே ஒடச்சுட்டேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து சுத்தியால அடிச்சு, சாக்குல கட்டி, சைக்கிள்ல கொண்டுபோய்க் குப்பை மேட்டுல கொட்டிட்டேன். உன் காலை ஒடச்சது அது. என்னால அதப் பாக்கவே முடியல.”

“உங்களால பாக்க முடியலன்னு என் தெருவ ஒடச்சுட்டீங்களா?”

அவர் அழ ஆரம்பித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டு அழுது கேட்டதில்லை. மறுபடி செய்து தருகிறேன் என்றார். வேலைக்கு லீவு போட்டாவது ஒரு மாதத்தில் முடிக்கிறேன் என்றார். பதினான்கு மாதம் பிடித்த வேலை. அதுவும், கொஞ்சம் கண் இருந்தபோது விரல் தொட்டதையும் கண் பார்த்ததையும் சேர்த்துச் சேர்த்து நான் படித்த தெரு. இப்போது விரல் தொடுவதைச் சேர்க்க என்னிடம் என்ன இருக்கிறது? இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அழுகிற அழுகையில் எப்படிச் சொல்வது? “சரி விடுங்க, விடுங்க” என்று அவரைத்தான் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு முறை நடப்பதற்கு முன்னால் இருபது முறை உட்கார்ந்தபடியே விரலால் போய்விட்டு வருவேன், அந்தத் தைரியத்தில் கால் தானாகப் போகும். இப்போது சாக்கடை மூடியைத் தாண்டியதும் ஏதோ ஒரு வண்டி உறுமியது. எது எந்தப் பக்கம் என்று எல்லாம் கலைந்துபோய், நட்ட இடத்தில் நின்றுவிட்டேன். அவர் என்னென்னவோ சொன்னார். அடுத்த அடி வரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு மேற்பார்வை அக்காவுக்குப் போன் செய்தேன். மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

“ஏன்டி, காலு சரியாகலயா?”

“ஆயிடுச்சுக்கா.”

“கைல ஏதாவது அடியா? எங்கிட்ட சொல்லவே இல்லயே நீ.”

“கையெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.